மொங்கியின் பின்விளக்கு

மொங்கி பிரேக்கை மிதித்தால் இடப்பக்க இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரிந்தது. இண்டிகேட்டர் போட்டாலோ பின்னால் சிவப்பு விளக்கு மினுக்கியது. வண்டி பழைய பெஜோ கார். எங்கள் கடலோர ஊர் ஸார்ஸிஸுக்கும் தலைநகர் துனிஸுக்கும் நடுவே ஆள் ஏற்றி ஓடும் வாடகை வண்டி. போன வாரம் பரிசோதனையில் அதிகாரி உதட்டைப் பிதுக்கிவிட்டார். நாளைக்கு மறுபடி காட்ட வேண்டும். அதிலும் தேறாவிட்டால் வாடகைக்கு ஓட்டும் உரிமம் போய்விடும். அதை விட்டால் மொங்கிக்கு வேறு நாதி கிடையாது.

நான் லஸ்ஹர். வண்டிகளுக்கு எலெக்ட்ரிக் வேலை பார்ப்பவன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மொங்கி முன்பெல்லாம் அதற்கு ஈடு கொடுப்பான். அவன் இண்டிகேட்டர் போட்டு நான் பார்த்ததே இல்லை. எங்கள் ஓட்டுநர்கள் யாரும் போடுவதில்லை, இங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம் என்பதால் ஜன்னல் வழியே இடக்கையை நீட்டுவதோடு சரி. கேட்டால், "கைக்கு பியூஸ் போகாதுடா" என்பான். குளிர்காலத்தில் காய்ச்சல் கண்டு அவன் மனைவி மப்ரூக்கா இறந்துபோனாள். அன்றோடு பேச்சு நின்றது. அழவும் இல்லை. அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு அவனே காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

பல்பைக் கழற்றினேன். அடியில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகியிருந்தான். இந்த ஊர் ஓட்டுநர்களுக்கு எல்லா வியாதிக்கும் இது ஒன்றுதான் மருந்து.

"இது விளக்கா, சாக்லேட்டா?" என்றேன்.

"எரிஞ்சுதுல்ல" என்றான்.

புது பல்பைப் போட்டு, அவனைப் பின்னால் நிறுத்திவிட்டு நான் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன்.

"பிரேக் எரியுதா?"

"ம்."

"இண்டிகேட்டர்?"

"ம்."

கையைக் கழுவி வேலையை முடித்தாயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று அவனை மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய்ப் பார்த்தால், பழைய குருடி கதவைத் திறடி என்று அப்படியே இருக்கிறது!

"யோவ், நீ விளக்கைப் பாத்தியா, கடலைப் பாத்தியா?"

"விளக்கைத்தான் பாத்துட்டு நின்னேன்."

"எரிஞ்சுதா இல்லையா?"

"தெரியலடா."

பொய் சொல்லவில்லை. கண் திறந்துதான் இருந்திருக்கிறது. வந்த கோபத்தில் ஸ்பேனரை விட்டெறிந்தேன். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, நானே போய் அதைப் பொறுக்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு விளக்கு எரியும்போது சம்பந்தமில்லாத இன்னொன்றும் கூடவே எரிந்தால் முதலில் எர்த்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். விளக்குக்குள் போன மின்சாரம் வண்டியின் உடம்பு வழியாகத் திரும்பிப் போக வேண்டும். அந்த வழி அடைபட்டால் பக்கத்து விளக்கில் புகுந்து சந்து தேடும். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நீளமாக ஒரு ஒயரை இழுத்து இடப்பக்க விளக்கில் தொட்டேன். எல்லாம் ஒழுங்காக எரிந்தன. ஆக, விளக்கின் எர்த் ஒயரை வண்டியோடு முடுக்கியிருக்கும் போல்ட்டில்தான் கோளாறு. அது டிக்கியில் இடது மூலையில், விரிப்புக்கு அடியில் இருக்கிறது.

டிக்கியைத் திறந்தேன். அந்த மூலையில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே உப்பில் ஊறும் ஆலிவ் காய்கள், நடுநடுவே எலுமிச்சைத் துண்டுகள். மூடி கசிந்து தண்ணீர் பாதியாகிவிட்டது. விரிப்பெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடந்தது.

"என்னடா இது?"

"பஸ்மாவுக்கு."

பஸ்மா துனிஸில் கட்டிக்கொடுத்த மகள். வருஷா வருஷம் மப்ரூக்கா ஆலிவ் ஊறப்போட்டு இவன் வண்டியில் அனுப்புவாள். வண்டி கிளம்பும்போது வாசலில் நின்று, "ஜாடியைத் திருப்பிக் கொண்டு வாங்க" என்று கத்துவாள். தெருவுக்கே கேட்கும். இந்த ஜாடியை வண்டியில் வைத்த மறுநாள்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

"அவதான் அடக்கத்துக்கு வந்தாளே. குடுக்க வேண்டியதுதானே?"

"கேட்டா. அம்மா இந்த வருஷம் போடலையாப்பான்னு கேட்டா. இல்லன்னுட்டேன்."

"ஏன்டா?"

"குடுத்துட்டா தீந்துடும்ல."

அன்றிலிருந்து ஜாடி அவனோடு துனிஸுக்குப் போய்ப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. போகிற வழியெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டி, போல்ட்டு பச்சையாகப் பூத்துப் பாதி அரித்துவிட்டது. நான் சுரண்டி, தேய்த்து, புது போல்ட்டு முடுக்கி, கிரீஸ் தடவினேன்.

"ஜாடியை எடு. இல்லன்னா திரும்ப அரிச்சிடும்."

"அது அங்கேயே இருக்கட்டும் லஸ்ஹர்."

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "இருட்டுல விளக்கில்லாமப் போனா எவனாவது லாரிக்காரன் பின்னாடி வந்து ஏறுவான்டா. அம்மாவைப் பொதைச்ச கையோட அப்பனையும் பொதைக்கணுமா அந்தப் பொண்ணு? எடுக்கலன்னா வண்டியை இப்படியே தள்ளிட்டுப் போ. நான் தொட மாட்டேன்."

மூடியை இறுக்கித் திருகினான். பிறகு ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், முன்னால் தன் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"பிரேக்கை மிதி" என்றேன் பின்னால் நின்று. இரண்டு பக்கமும் சிவப்பு பளிச்சென்று எரிந்தது. இண்டிகேட்டர் வாயைத் திறக்கவில்லை.

"சரியாயிடுச்சு. காலை எடு."

எடுக்கவில்லை.

"மொங்கி, காலை எடுடா. பேட்டரி தீந்துடும்."

விளக்குகள் எரிந்தபடியே இருந்தன. முன்னால் போனேன். ஸ்டீயரிங்கில் முகத்தைக் கவிழ்த்திருந்தான். தோள் குலுங்கியது. ஒரு கை ஜாடியின் மூடியைப் பிடித்திருந்தது. நான் திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் வண்டி தேறிவிட்டது. மொங்கி ஆள் ஏற்றும் வரிசைக்குப் போகவில்லை. என் கடைக்கு எதிரே நிறுத்தினான். பக்கத்து இருக்கையில் ஜாடி இருந்தது.

"துனிஸ் போறேன். பஸ்மாகிட்ட குடுத்துட்டு, ஜாடியைத் திருப்பிக் கொண்டு வரணும்" என்றான்.

வாங்கி வைக்க வீட்டில் யாரும் இல்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"கொண்டு வாடா" என்றேன்.