வாடகைக்கு ஒரு குளிர்பெட்டி

பஸ்ஸில் இறங்கும் இடம் வந்ததும் குரல் கொடுக்க எனக்கு வாய் வராது. வேறு யாராவது அங்கே இறங்கினால் கூடவே இறங்கிவிடுவேன். இல்லையென்றால் அடுத்த நிறுத்தம் வரை போய்த் திரும்பி நடப்பேன். செந்துறை பஸ்ஸில் இப்படிப் பல தடவை நடந்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பேச்சு அதற்கு முன்னாலேயே நின்றுவிட்டது என்பாள் என் மனைவி.

அரியலூரில் சிமெண்ட் மூட்டை ஏற்றுவது என் வேலை. ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலி. ஏற்றினால் காசு, ஏற்றாவிட்டால் இல்லை. ஓய்வூதியம், வைப்புநிதி எல்லாம் ஆலைக்குள் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு. ஐம்பது வயதைத் தாண்டியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலையில் குனிந்து செருப்பின் வாரை மாட்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் தூக்காத நாளிலும் வீட்டுக்குக் காசு வர ஒரு வழி வேண்டும் என்று அன்றைக்குத்தான் நினைத்தேன்.

யோசித்துப் பார்த்தேன். வட்டிக்கு விட்டால் திருப்பிக் கேட்க வேண்டும். கடை வைத்தால் வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேச வேண்டும். அறை கட்டி வாடகைக்கு விட்டால் மாதம் பிறந்ததும் போய்க் கதவைத் தட்ட வேண்டும். எல்லா வழியிலும் பேச்சு வந்து குறுக்கே நின்றது.

அந்தச் சமயத்தில் திருமழபாடியில் ஒரு சொந்தக்காரர் இறந்துபோனார். வெளியூரில் இருந்து மகன் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்கக் குளிர்பெட்டி வந்தது. கொண்டுவந்த ஆள் பெட்டியை இறக்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கொள்ளிடக் கரைக்கு எடுத்துப் போய்த் திரும்பியதும், செலவைப் பார்த்துக்கொண்ட பங்காளி மேளக்காரர், பாடை கட்டியவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தார். "பொட்டிக்காரரு யாருங்க?" என்றார். அந்த ஆள் எழுந்து வந்து வாங்கிக்கொண்டார். யாரும் பேரம் பேசவில்லை.

சாவு வீட்டில் யாரையும் 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. கிளம்புகிறவர்களும் 'போயிட்டு வரேன்' என்று சொல்வதில்லை. வந்தோம், இருந்தோம், எழுந்து போனோம். எனக்கென்றே ஒரு தொழில் இருப்பதை அங்கே கண்டுகொண்டேன்.

மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"கறவ மாடு ரெண்டையும் வித்துட்டு பொணப் பொட்டி வாங்கப் போறீங்களா?"

"மாட்டுக்குத் தீனி போடணும், ரெண்டு வேளை கறக்கணும். இதுக்கு ஒண்ணும் வேணாம்."

"மாடு சும்மா நின்னாலும் சாணியாவது போடும். இது என்னத்தப் போடும்?"

ஆனால் நான் செருப்பு மாட்டத் திணறுவதை அவளும் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வாரம் கழித்து அவளே மாட்டுத் தரகரை வரச் சொன்னாள்.

பெரம்பலூரில் ஒருவர் தொழிலை விடுவதாகச் சொல்லித் தன் பெட்டியை விற்றார். நல்ல நிலையில் இருந்தது. "ஏங்க விக்கிறீங்க?" என்று என் மனைவிதான் கேட்டாள். "போதும்னு தோணிச்சுங்க" என்றார்.

பெட்டி சம்பாதித்தது. எங்கள் தெருவில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் கூட வந்து ஒரு பக்கம் தூக்குவார். ஏலாக்குறிச்சிப் பக்கம் கிறிஸ்தவ வீடுகளுக்கும் போனோம். அங்கேயும் நான் பேச வேண்டியிருக்கவில்லை. வாரம் முழுவதும் மூட்டை தூக்கியவன் மூன்று நாள் மட்டும் போக ஆரம்பித்தேன். இடுப்பு கொஞ்சம் இளகியது.

என்னோடு ஒரே லாரியில் மூட்டை ஏற்றிய நண்பன் ஒருவன் உண்டு. இருபது வருடப் பழக்கம். எனக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான். டீக்கடைக்குள் நான் நுழைந்தால், "டேய், எல்லாரும் கொஞ்சம் கையக் கால ஆட்டிக் காட்டுங்கடா, உசுரோடதான் இருக்கோம்னு அவனுக்குத் தெரியட்டும்" என்பான். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஒரு ஆடி மாதம் யாரும் கூப்பிடவில்லை. பெட்டி துணி போர்த்தியபடி மாட்டுக் கொட்டகையிலேயே கிடந்தது. சோறு போடும்போது மனைவி, "என்னங்க, இந்த மாசம் ஒண்ணுமே வரலையே" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கரண்டி அப்படியே நின்றது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

நான் மட்டும் என்ன? அன்று காலையில்தான் தெருக்கோடி வீட்டு வழியாகச் சுற்றிப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் படுக்கையில் கிடந்தார். எதற்காக அந்த வழியாகப் போனேன் என்று என்னையே கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. மூட்டை தூக்கிய காலத்தில் லாரி வருமா என்று காத்திருந்தேன். இப்போது எதற்குக் காத்திருக்கிறேன் என்பது அந்தக் கரண்டி நின்றபோதுதான் உறைத்தது. பெரம்பலூர்க்காரர் போதும் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. ஆனால் பெட்டியை விற்றால் மறுபடி வாரம் முழுவதும் மூட்டைதான். அதற்கு இடுப்பு தாங்காது.

ஆவணியில் என் நண்பனுக்கு நெஞ்சுச்சளி முற்றிவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நான் போகவில்லை.

"இத்தன வருசம் கூட மூட்டை தூக்குனவரு. ஒரு எட்டுப் போய்ப் பாக்க மாட்டீங்களா?"

"நான் போய் நின்னா வீட்டுல உள்ளவங்க என்ன நெனப்பாங்க?"

கடைசியில் அவனே போன் செய்தான். "பொட்டிக்காரரே, ஒரு ஆர்டர் இருக்கு, கெளம்பி வாங்க" என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது.

போனேன். வாசலில் அவன் மனைவி என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். வாங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"என்னடி அவன வாசல்லயே நிறுத்தி வச்சிருக்க? வாடா உள்ள. அளவெடுக்கவா வந்த?"

"எடுத்து என்ன பண்றது? என் பொட்டி உனக்குப் பத்தாது. கால் வெளிய நிக்கும்" என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவன் உயரமான ஆள். கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டான். "ஏன்டா இத்தன நாளா வரல?"

நான் கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தேன்.

"நீ வராததாலதான்டா எனக்குப் பயமே வந்துச்சு. இவனே எட்டிப் பாக்கல, அப்ப டாக்டரு என்னமோ சொல்லியிருக்காரு போலன்னு."

நான் போனால் பயப்படுவார்கள் என்று மட்டுமே நினைத்திருந்தேன். போகாமல் இருந்தாலும் ஒருவன் பயப்படுவான் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

"நூறு நாற்காலி வாங்கு, ஒரு சாமியானா வாங்கு" என்றான். "காதுகுத்து, சடங்கு, வளைகாப்புன்னு ஊர்ல ஏதாவது நடந்துகிட்டேதான் இருக்கு. எவனாவது போனாத்தான் சோறுன்னு ஒக்காந்திருக்காத."

"அங்கல்லாம் பேசணுமேடா."

"இப்பப் பேசுனல்ல?"

கிளம்ப எழுந்தேன். சாவு வீட்டுப் பழக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் வாசல்வரை வந்து, செருப்புக்குள் காலை விட்டுவிட்டேன். அவன் மனைவி நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. திரும்பி உள்ளே பார்த்து, "போயிட்டு வரேன்" என்றேன். தெருவில் போனவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வந்துவிட்டது.

"வரும்போது பன்னு வாங்கிட்டு வாடா" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

அவன் தேறிவிட்டான். மூட்டை தூக்குவதில்லை, டீக்கடைக்கு மட்டும் வருகிறான். பெட்டி சேர்த்த காசில் நாற்காலியும் சாமியானாவும் வாங்கினோம். பெட்டியை விற்கவில்லை. அதுவும் வேண்டியிருக்கிறது, ஊருக்கும் எனக்கும். ஆனால் இப்போது அது மட்டுமே எங்களுக்குச் சோறு போடவில்லை. மூட்டைக்கு எப்போதாவது போகிறேன். போகாவிட்டாலும் அடுப்பு எரிகிறது.

போன் வந்தால் மனைவிதான் எடுக்கிறாள். "என்ன விசேஷம்ங்க?" என்று முதலில் கேட்பாள். காதுகுத்து என்றால் அவளே நாள், நேரம் எல்லாம் பேசி முடிப்பாள். மற்றது என்றால் ஒன்றும் சொல்லாமல் போனை என்னிடம் நீட்டுவாள்.