ஒரு சைஸ் பெருசு

எனக்கு எழுபத்தி நாலு நடக்குது. பெத்தது மூணு. கொழுந்தனார் போன பிறகு அவர் பிள்ளைக ரெண்டையும் சேர்த்து அஞ்சு பேரை வளர்த்து ஆளாக்கினேன். படிச்சது ரெண்டாங் கிளாஸ். எழுத்துக்கூட்டித்தான் எழுதறேன். மெதுவாத்தான் வருவேன், படிக்கறவங்களும் மெதுவா வாங்க.

எங்க ஊடு முதலிபாளையத்துப் பக்கம். முன்னாடி ஊடு, பின்னாடி தகர செட்டுல மகன் நடத்தற பனியன் கம்பெனி. அது ஆரம்பிச்சப்ப, தைச்ச பனியனைப் பழுது பார்க்கற செக்கிங் டேபிள்ல முதல்ல உக்காந்தவ நான்தான். கரண்டியில இருந்து கட்டில் வரைக்கும் என்னைக் கேக்காம ஒரு சாமான் எங்க ஊட்டு வாசப்படி ஏறினதில்ல. அது எனக்குப் பெருமைதான். ஏன் மறைக்கணும்?

எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆச்சு. வெக்கை ஆகவே ஆகாது, ரூமைக் குளுமையா வெச்சுக்கோங்கன்னு டாக்டர் கண்டிச்சு சொல்லி அனுப்பினார். சித்திரை பொறந்ததும் பழைய ஏ.சி. கடகடன்னு சத்தம் போட்டு நின்னு போச்சு. புதுசு எடுக்க மருமகளும் நானும் கடைக்குப் போனோம்.

கடையில தெக்கத்திப் பொண்ணு ஒருத்தி. மாடல் காட்டறதை விட்டுட்டுக் கேள்வி கேட்டா. "ரூமு நீளம் அகலம் எவ்வளவும்மா? மேல மாடி இருக்கா, மொட்டை வெயிலா? எந்தச் செவுத்துல வெயில் அடிக்கும்? எத்தனை பேரு படுப்பீங்க?"

"ஏங்கண்ணு, நான் ஏ.சி. வாங்க வந்தனா, உங்க ஊட்டுல சம்பந்தம் பேச வந்தனா?"

மருமகள் காதுக்கிட்ட வந்து, "நம்ம ரூமுக்கு ஒரு டன் போதுமுங்க அத்தை"ன்னா. நான் கேக்கல. பனியன்ல பொழைச்சவ நான். துவைச்சா துணி ஒரு பிடி சுருங்கும். அதனால எங்க பிள்ளைக அஞ்சு பேருக்கும் எப்பவும் ஒரு சைஸ் பெருசாத்தான் எடுத்தேன், ஒருத்தரும் குறைஞ்சு போகல. மிஷினும் அப்படித்தானே? இந்த ஊரு வெயில்ல ஒரு டன் முக்கா டன்னாச் சுருங்கிப் போகும்னு நெனைச்சேன். "ரெண்டு டன் குடு"ன்னேன்.

"நாள் பூரா ஓடுற ரூமுன்னா அஞ்சு ஸ்டாரே எடுங்கம்மா, கரண்டு கம்மியாத் தின்னும்."

"ஒட்டி வெச்ச ஸ்டாரா குளுரக் குடுக்குது? டன்னைக் கூட்டு, ஸ்டாரைக் குறை."

மாட்டின அன்னிக்கு ஒரு வாய் காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள ரூம் ஐஸாப் போச்சு. தெருவுல பார்த்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். "எப்படிங்க இருக்குது?"ன்னு அவரைக் கேட்டேன். "நல்லாருக்குது அம்மிணி"ன்னார். தெனமும் கேட்டேன். தெனமும் அதே பதில்தான்.

மத்தியானம் சோறுண்டு போட்டு அவர் ரூமுக்குப் போவார், நான் ஹால்ல ஒரு கண்ணு அசருவேன். ராத்திரியும் எனக்குப் படுக்கை ஹால்லதான், மிஷின் குளுரு என் முழங்காலுக்கு ஆகாது. கோடை மழை பெஞ்சு ஊரே புழுங்கின ஒரு நாள், அந்த நேரத்துல என் தம்பி சம்சாரம் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்துட்டா. "அண்ணனைப் பார்க்கணுமுங்க"ன்னா. ஏ.சி.யையும் காட்டலாம்னு பெருமையா கதவைத் திறந்தேன்.

கட்டில்ல ஆள் இல்ல. மிஷின் மட்டும் மேல ஓடிட்டிருக்குது. பார்த்துட்டு நிக்கறப்பவே படக்குன்னு நின்னு போச்சு. போர்வையைத் தொட்டேன், பிழிஞ்சு காய வைக்காத துணியாட்டம் சதசதன்னு இருந்துச்சு. நெஞ்சுல தையல் போட்ட மனுசன் எங்க போனார்?

பாத்ரூம்ல இல்ல, வாசல்ல இல்ல. பின்கதவு தொறந்து கெடந்துச்சு. ஓடினேன், இந்த முழங்காலோட.

கம்பெனி செட்டுக்குள்ள, அயர்ன் டேபிள்ல ஆவி பொங்கற எடத்துக்குப் பக்கத்துல, வேஸ்ட் துணி மூட்டை மேல சாஞ்சு தூங்கறார். தகரம் மேல அனலாக் கக்குது. டாக்டர் ஆகவே ஆகாதுன்ன வெக்கை! செக்கிங் பண்ற பொம்பளை ஒருத்தி அவர் பக்கமா டேபிள் ஃபேனைத் திருப்பி வெச்சிருந்தா.

"ஏனுங்க! இதென்ன வேலைங்க இது?" நான் போட்ட சத்தத்துல தையல் மிஷினெல்லாம் நின்னு போச்சு.

அவர் முழிச்சு உக்காந்தார். வேர்வை வழியுது. "அங்க படுக்க முடியல அம்மிணி. கொஞ்ச நேரம் வெடவெடங்குது, அப்புறம் மிஷின் நின்னுக்குது. நின்னா ஒடம்பெல்லாம் பிசுபிசுங்குது. மறுக்கா வெடவெடங்குது."

"தெனமும் நல்லாருக்குதுன்னு சொன்னீங்களே!"

அந்தச் செக்கிங்காரி பட்டுனு சிரிச்சுட்டா. "உங்ககிட்ட யாருங்கம்மா சொல்றது? எங்க மொதலாளியே சொல்ல மாட்டாரு."

மொதலாளின்னா என் மகன். அவனும் அங்கதான் கட்டிங் டேபிள் ஓரமா நின்னுட்டிருந்தான். தெனமும் பார்த்திருக்கான். மருமகளுக்கும் தெரிஞ்சிருக்குது. கம்பெனிக்கே தெரிஞ்சிருக்குது. நான் அந்த மூட்டை மேலயே உக்காந்துட்டேன்.

அன்னிக்குச் சாயந்தரம் மருமகள் இஞ்ச் டேப்பை எடுத்து ரூமை அளந்தா. நான் டேப்போட மறுமுனையைப் பிடிச்சேன். பத்துக்குப் பத்து, மேல மாடி, ஒரே ஜன்னல். கடைப் பொண்ணு போன்ல வெளக்கமாச் சொன்னா. சின்ன ரூம்ல பெரிய மிஷின் போட்டா காத்தைச் சட்டுனு குளுர வெச்சுட்டு நின்னுக்குமாம், ஈரத்தை இழுக்க அதுக்கு நேரமே இல்லியாம். அளவா இருக்கறதுதான் நிக்காம ஓடி ஈரத்தை இழுத்து வெளிய ஊத்துமாம். எனக்கு அது இன்னும் அதிர்ச்சிதான். பெருசு செய்யாததைச் சின்னது செய்யும்னு எந்தப் பனியன்ல நான் கத்துக்கறது?

ஒரு டன், அஞ்சு ஸ்டார் வந்துச்சு. ரெண்டு டன்னை மகன் கம்பெனி ஆபீஸ் ஹாலுக்குக் கொண்டு போயிட்டான், அங்க ஆள் அதிகம், அதுக்குச் சரியாப் போச்சு. புதுசு மாட்டின மறுநாள் மத்தியானம் நான் தூங்கல. ரூம்ல நாற்காலி போட்டு உக்காந்துட்டேன். போர்வை சலவைத் துணியாட்டம் காஞ்சிருந்துச்சு. ஜன்னலுக்கு வெளிய பக்கெட்டுல சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுந்துச்சு. அவர் வாயைத் தொறந்துட்டு நல்லாத் தூங்கினார்.

நான்தான் அவரையே பார்த்துட்டிருந்தேன். இத்தனை வருசமா என் குழம்புல உப்பு ஏறிப்போச்சுன்னு இந்த மனுசன் ஒரு தடவை சொன்னதில்ல. அது நான் நல்லா வெச்சதாலயா, இல்ல அவர் சொல்லப் பயந்ததாலயா?

எழுதினது போதும். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டா. கண்ணு, இதை உங்க தாத்தா ரூமுக்கு எடுத்துட்டுப் போய்ச் சத்தமாப் படி. நான் கதவுக்கிட்ட நிக்கறேன். எங்கியாச்சும் நான் தப்பா எழுதியிருந்தா, அவர் வாயால சொல்லட்டும்.