ஆமைக்கு விட்ட இடம்

லாபு எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் அந்த அம்மாவை இரண்டு முறைதான் சந்தித்தேன். முழங்கால்வரை பூட்ஸ், முதுகில் பம்பு, முகத்தில் துணி. பேசும்போது மட்டும் துணியைத் தாடைக்கு இறக்குவார்.

வேலைக்காக வெளியூர் போன மகள் தன் ஆமையை என்னிடம் விட்டிருந்தாள். அதற்காகச் செம்பனை மரத்தடியில் வல்லாரை பறித்தேன். நாற்பத்திரண்டு இலைகள், ஒவ்வொன்றையும் கைப்பேசிப் படத்தோடு ஒப்பிட்டுவிட்டேன்.

துணி இறங்கியது. "துவையலுக்கா ஐயா?"

"ஆமைக்கு. வல்லாரைதானே? விஷமில்லையே?"

"வல்லாரைதான். ஆனா நேத்து இந்த வரிசைக்கு மருந்தடிச்சது நான்லா! ஆமை நூறு வருசம் இருக்கும்பாங்க. நீங்க ஒரே நாள்ல முடிச்சிருவீங்க போல!"

சிரித்துக்கொண்டே பையைப் பிடுங்கிக் கொட்டினார். செடியைத்தான் பார்த்தேன், இடத்தைப் பார்க்கவில்லை.

மறுமாதம் போனபோது வேலியோரம் நான்கு குச்சிகளில் சிவப்புத் துணி பறந்தது. நடுவே வல்லாரை அடர்ந்திருந்தது.

"இந்தப் பக்கம் பம்பு வராது, ஐயா. தைரியமா பறிங்க."

"வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கேட்டால்?"

"கேட்டாரு. ஆமைக்கு ரிசர்வுன்னேன். தலையில அடிச்சிக்கிட்டுப் போயிட்டாரு."

ஆனாலும் வீட்டில் மூன்று முறை கழுவித்தான் வைத்தேன். ஆமை ஓர் இலைகூட மிச்சம் வைக்கவில்லை. அந்த முகத்தை நான் முழுதாகப் பார்த்தது இரண்டே முறை, இரண்டிலும் சிரிப்பு.