கல்யாணப் பெட்டியில் நெருஞ்சிப் பூ

கல்யாணத் தகரப் பெட்டிகளில் ரோஜா வரைந்து வரைந்து எனக்குக் கை மரத்துவிட்டது.

நேற்று முட்டம் தேரி மேட்டில் செம்மணல் முழுக்க நெருஞ்சி பூத்துக் கிடந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு மஞ்சளா! இன்று காலை ஒரு பெட்டி மூடியில் அதைத்தான் வரைந்தேன்.

பெட்டியை எடுக்கக் கல்யாணப் பெண்ணின் அப்பா வந்தார். மூடியைப் பார்த்ததும் அவருக்கு முகம் கறுத்தது.

"என்னவே இது, நெருஞ்சியா? எம் மவ முள்ளுலயா குடித்தனம் நடத்தப் போறா?"

"பூ நல்லாத்தானே இருக்கு, அண்ணாச்சி?"

"நல்லாத்தான் இருக்கு. மாப்பிள வீட்டுக்காரவிய என்ன நெனப்பாவ? அழிச்சிட்டு ரோசாப்பூ போடும்."

வர்ணம் காயும் முன்பே துடைத்துவிட்டு ரோஜா போட்டுக் கொடுத்தேன். மனிதர் பூரித்துப் போனார்.

ரோஜாச் செடியை அவர் கண்டதே இல்லை போலும். அதற்கும் முள் உண்டென்று யாராவது அவரிடம் சொல்லுங்களேன். கல்யாணம் முடிந்த பிறகு போதும்.