பையில் இல்லாத துணி

அரக்கோணத்தில் பிறந்த ரமா, கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவர். தொலைபேசி இணைப்பகத்தில் ஆபரேட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. 1996-ல் அதையும் ஒரு கல்வி நிதிக்குக் கொடுத்துவிட்டார்.

ஈஜிபுராவில் அரசுப் பள்ளிக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளுக்காகச் சிலர் சேர்ந்து நடத்திய நிதி அது. பள்ளி திறந்ததும் பை, நோட்டு, சீருடை, செருப்பு எல்லாம் கொடுப்பார்கள். தலைவர் சேஷகிரி, ஓய்வுபெற்ற எஞ்சினியர். செருப்பு பிள்ளைகளின் காலுக்குச் சரியாக இருக்கிறதா என்று தரையில் உட்கார்ந்து பார்க்கிற மனிதர். கமிட்டியில் ரமா ஒருவர்தான் பெண்.

அடுத்த வருடம், ஏழாம் வகுப்பு சிந்து பள்ளிக்கு வருவதில்லை என்று ஆசிரியை அல்போன்சா சொல்லியனுப்பினார். "எல்லாம் வாங்கிக் குடுத்தும் வரலேன்னா நாம என்ன பண்றது" என்று கமிட்டியில் ஒருவர் அலுத்துக்கொண்டார். ரமா நேரில் போனார்.

சந்துக்குள் தகர ஷீட் போட்ட ஒற்றை அறை. அம்மா எல்லம்மா வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். சிந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஸ்கூல்ல யாராவது திட்டினாங்களாம்மா?"

"இல்ல மேடம்."

ரமா வாசற்படியிலேயே உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் எப்போது வருகிறது என்று விசாரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்.

"பெரியவளாயிட்டேன் மேடம். க்ளாஸ்ல பாவாடைல கறை பட்டுடுச்சு. பசங்க சிரிச்சாங்க. எனக்கு ஜட்டி ஒண்ணுதான் இருக்கு. அம்மாவோட பழைய சேலையக் கிழிச்சு வெச்சிக்கிறேன், இந்த மழைல அது காயவே மாட்டேங்குது."

வராமலிருந்த இன்னும் இரண்டு பெண்களின் வீட்டுக்கும் போனார். அங்கேயும் அதே கதைதான்.

கமிட்டிக் கூட்டத்தில் ரமா நேராகவே சொன்னார்: "பொண்ணுங்களுக்கு உள்ளாடையும், மாதவிலக்குக்கு நாப்கினும் குடுக்கணும் சார்."

சேஷகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத நீங்களே தனியா பாத்துக்குங்களேன் மேடம். இங்க பேசணுமா?"

"தனியா செஞ்சா, நான் இருக்கிற வரைக்கும்தான் சார் நடக்கும். வாயால சொல்லவே நமக்குக் கூச்சமா இருக்கு. அந்தப் பொண்ணு கறை பட்ட பாவாடையோட பசங்க நடுவுல உக்காந்திருந்தா."

கூட்டம் டீ வருவதற்கு முன்பே முடிந்துபோனது. இனி நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று ரமா நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் சேஷகிரி ரமாவின் வீட்டு வாசலில் நின்றார். "சிக்பேட்டைல மொத்தக் கடை ஒண்ணு தெரியும். போலாமா மேடம்?"

கடையில் ரமா வாயைத் திறப்பதற்குள் அவரே கன்னடத்தில் கேட்டுவிட்டார். காது மடல் சிவந்திருந்தது. கடைக்காரர் அளவு கேட்டதும் திருதிருவென்று விழித்து ரமாவைத் திரும்பிப் பார்த்தார். ரமாவுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்துவிட்டது.

அல்போன்சா தன் வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெண்களிடம் எல்லாவற்றையும் கொடுத்தார். சிந்து மறுபடியும் வந்தாள். மற்ற இருவரில் ஒருத்தி வந்தாள். இன்னொருத்திக்கு ஆனேக்கலில் கல்யாணம் பேசிவிட்டார்கள். ரமா அங்கேயும் போய் வாதாடிப் பார்த்தார், மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அழுதார்.

2001-ல் எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்த அன்று ரமாவின் வீட்டுக்கு போன் வந்தது.

"பாஸ் மேடம், சிந்து பேசறேன். கணக்குலதான் கொஞ்சம் கம்மி." பிறகு குரல் தணிந்தது. "அம்மா கார்மென்ட்ஸுக்குப் போகச் சொல்றாங்க. எனக்கு பி.யூ.சி. படிக்கணும். நீங்க வந்து பேசுறீங்களா?"

"அம்மா எத்தனை மணிக்கு வீட்ல இருப்பாங்க?" என்று கேட்டபடியே ரமா செருப்பைத் தேடினார்.