சேவியர் அண்ணனுக்குச் சொன்ன கறி

கடையில் பால் புட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது சேவியர் அண்ணனின் மனைவி லூசி அக்காவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, உங்க அண்ணன் போயிட்டாரு" என்றார். "எங்கக்கா போனாரு?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில் அக்கா அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆக்லாந்தின் ரானுயி பகுதியில் டெய்ரி, அதாவது நம்மூர்ப் பெட்டிக்கடை மாதிரி ஒன்று, நடத்துகிற எனக்கு வாயாடி என்றே பெயர். ரொட்டி வாங்க வந்தவரை ரொட்டி காயும்வரை நிறுத்திப் பேசுகிறவன் நான். அன்று கடைக்குள் வந்த பெண்மணி என் முகத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒரு ரொட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சேவியர் அண்ணனைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர், அந்த ஊர் வழக்கப்படி பேச்சின் முடிவில் ஒரு 'லா' போடுகிறவர். இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர். எப்சம் பகுதியில் வீடு. ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கர். நானோ திண்டுக்கல்காரன், பெருமாள் பக்தன், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைப் பிரிந்தவன். எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது சுட்ட கறி.

முதலில் சந்தித்தது ஒரு பூங்காவில், தமிழர்கள் கூடிய உல்லாசப் பயணத்தின்போது. அங்கே பொத்தானை அமுக்கினால் சூடாகும் பொது அடுப்பு ஒன்று இருக்கும். அதில் கோழித் தொடைகளைப் பரப்பிவிட்டு என் சித்தப்பா கதையை அவிழ்த்துவிட்டேன். அவர் கறி சுட்டால் திண்டுக்கல்லில் ரயில் நிற்கும், டிரைவர் இறங்கி வந்து ஒரு துண்டைத் தின்றுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்காமல் அடுப்புத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ரயில் நிக்கட்டும். நீ பண்றது சுடுறது இல்ல லா, அவிக்கிறது. தண்ணி எப்படி விடுது பாரு."

"கரண்டு அடுப்புல இவ்வளவுதான்ணே வரும்."

"அப்ப கரி எங்க இருக்குன்னு தேடணும். வர்ற சனிக்கிழமை ஃப்ரீயா இருக்கியா?"

அப்படித்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு ஆக்லாந்தில் புகை எழுந்த இடமெல்லாம் எங்கள் கார் நின்றது. மோட்டார்வேயில் போகும்போதே எந்தத் திசையில் ஆடு, எந்தத் திசையில் கோழி என்று மூக்கால் சொல்லிவிடுவேன். மரப்பலகையில் கறியை வைத்துப் பூப்போட்டுத் தருகிற உணவகத்துக்கும் போனோம். "இது கறி இல்ல லா, கல்யாண ஆல்பம்" என்றார் அண்ணன். பள்ளிக்கூட நிதிக்காகப் பெற்றோர்கள் கடை வாசலில் நின்று சுட்ட சாசேஜை ரொட்டியில் சுருட்டித் தின்றோம். "மனசுக்கு நல்லது, நாக்குக்கு இல்ல" என்றார். கடைசியில் ஒடாஹுஹுவில் ஒரு டோங்கா நாட்டுக்காரரைக் கண்டுபிடித்தோம். பெயர் சியோனே. இரும்பு டிரம்மைப் பாதியாக அறுத்து, மனுகா என்ற மரத்தின் விறகுத் தணலில் கொழுப்போடு கூடிய ஆட்டு விலாவைச் சுடுவார். முதல் துண்டைக் கடித்ததும் அண்ணன் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். தேடல் முடிந்தது. சனிக்கிழமைகள் முடியவில்லை.

இதில் ஒரு சிக்கல். புரட்டாசி மாதம் முழுக்க நான் கவிச்சி தொடமாட்டேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர்வரை, தவக்காலத்தில், அவர் தொடமாட்டார். அதற்காகச் சனிக்கிழமையை விட முடியுமா? ஒருவர் விரதமிருந்தால் மற்றவர் தின்று, எப்படி இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். இதுதான் எங்கள் ஏற்பாடு. என் முதல் புரட்டாசியில் அண்ணன் விலாவைக் கடித்துவிட்டு, "நல்லா இருக்கு லா" என்றார். அவ்வளவுதான்.

"என்னண்ணே இது, ஆஸ்பத்திரியில ரிசல்ட் சொல்ற மாதிரி! நாலு வார்த்தை சேத்துச் சொல்லுங்க."

"ரொம்ப நல்லா இருக்கு."

அவருடைய தவக்காலம் வந்தது. நான் சொன்னேன் பாருங்கள்! ஆடு மேய்ந்த மலையில் தொடங்கி, மழை, புல், தணல், உருகிச் சொட்டும் கொழுப்பு, அது நெருப்பில் விழுந்து எழுப்பும் சீற்றம் என்று ஒரு துண்டுக்கு ஒரு காண்டம் பாடினேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். பக்கத்துக் காரில் இருந்தவர்கள் தமிழ் தெரியாமலே இறங்கிப் போய் வரிசையில் நின்றார்கள். "தம்பி, நீ சொல்ற கறி நீ திங்கிற கறியைவிட ருசி லா" என்றார் அண்ணன். அந்தப் பாராட்டுக்கு ஈடாக இதுவரை யாரும் எனக்கு எதுவும் தந்ததில்லை.

பிறகு அவருக்குத் தொண்டையில் நோய் வந்தது. கதிர்வீச்சு கொடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஒரு கட்டத்தில் விழுங்க முடியாமல் வயிற்றுக்கு நேராகக் குழாய் போட்டுவிட்டார்கள். புட்டியில் வரும் கஞ்சி குழாய் வழியாக உள்ளே போகும். நாக்குக்கு ஒரு வேலையும் இல்லை. யாரைப் பார்த்தாலும் "பசியாறிட்டியா?" என்று கேட்டே பேச்சைத் தொடங்குகிற மனிதர் அவர். அவர் முன்னால் நான் எப்படிச் சாப்பிடுவேன்? கறிக்கடைப் பக்கமே போவதில்லை என்று முடிவுசெய்தேன். சனிக்கிழமை அவரே போன் செய்தார், உடைந்த குரலில்.

"எங்க லா இன்னும் காணோம்?"

"வேணாம்ணே. நீங்க இப்படி இருக்கும்போது…"

"எனக்கு இது பெரிய தவக்காலம். ஈஸ்டர் எப்பன்னு தெரியல, அவ்வளவுதான். நீ திங்கணும், சொல்லணும். ஏற்பாடு ஏற்பாடுதான்."

போனோம். காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுப் புகையை முகர்ந்தபடி உட்கார்ந்திருப்பார். நான் தின்பேன், சொல்வேன். ஒரு சனிக்கிழமை விடாமல் சொன்னேன். வெளியே வர முடியாமல் படுக்கையில் விழுந்த பிறகு எப்சத்துக்குப் போய்க் கட்டிலருகே அமர்ந்து சொன்னேன்.

இந்தப் புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை. கோவிலுக்குப் போய்விட்டு நாமத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கண் திறந்து, காற்றாகக் கேட்டார்: "ஒடாஹுஹு போனியா? சொல்லு லா."

அவருக்குக் கிழமை நினைவிருந்தது, மாதம் மறந்துபோயிருந்தது. லூசி அக்கா என் நெற்றியைப் பார்த்தார். "ஏதாச்சும் சொல்லுங்க தம்பி, உங்களுக்குத் தெரியாததா?" என்றார் மெல்ல. உண்மைதான். கறி இல்லாமலே ஒரு கடல் அளவு சொல்லக்கூடியவன் நான். ஆனால் போகிற மனிதருக்கு வெறும் வாயை மென்று கொடுக்க மனம் வரவில்லை. "இதோ வந்துட்டேன்ணே" என்று காரை எடுத்தேன்.

சியோனே என்னைக் கண்டு திகைத்தார். "அண்ணா, இது உங்கள் கறியில்லாத மாதமாயிற்றே?" என்றார் அவருடைய ஆங்கிலத்தில். "அவருக்காக" என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. தணலின் ஓரத்திலிருந்து ஒரு விலாவை எடுத்து என் கையில் வைத்தார். பெருமாளே என்று கடித்தேன்.

திரும்பி வந்து அண்ணனின் காதருகே குனிந்தேன். மலை, மழை எதுவும் வரவில்லை. "ஓரம் கருகிருக்குண்ணே. மொறுமொறுன்னு. உள்ள பஞ்சு மாதிரி. எலும்புகிட்ட லேசா சிவப்பு. இன்னைக்கு உப்பு கொஞ்சம் தூக்கல்." அவ்வளவுதான் சொன்னேன். அண்ணனின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. விழுங்கினார். நான் பார்த்தேன். லூசி அக்காவும் பார்த்தார்.

"உப்பு தூக்கலா? அப்ப நெசமாத்தான் தின்னிருக்க" என்றார். உதடு சிரித்தது. பிறகு பார்வை என் நெற்றிக்கு ஏறியது. "டேய்… நாமம். புரட்டாசி லா இது! பெருமாள் கோவிச்சுக்குவாரு."

"அது எனக்கும் அவருக்கும்ணே. நீங்க கேளுங்க."

அவர் கேட்கவில்லை. என் கையை இழுத்துத் தன் மார்பின் மேல் வைத்துக்கொண்டு, உறங்கும்வரை பிடித்திருந்தார். அவர் என்னோடு பேசியது அதுவே கடைசி.

அடக்கத்துக்கு சியோனே கறுப்பு உடுத்தி, டோங்கா வழக்கப்படி இடுப்பில் துக்கப் பாயைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். பெட்டி இறங்கும்போது அவருடைய மொழியில் ஒரு துதிப்பாட்டைத் தனியாகப் பாடினார். அந்தக் குரலில் மரமெல்லாம் அசையாமல் நின்றுவிட்டது என்று சொன்னால், மிகைப்படுத்துகிறான் என்பீர்கள். வந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். என்னையும் பேச அழைத்தார்கள். எழுந்தேன், நின்றேன், உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று பெருமாள் சந்நிதிக்குப் போனேன். தவறு செய்தேன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. வழக்கமாக எனக்கு, என் மகளுக்கு, கடைக்கு என்று நிறையக் கேட்பேன். நேற்று ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். "சாமி, அவர் உங்கள் பக்கம் வந்தாரா, அவருடைய ஏசுவின் பக்கம் போனாரா, எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் அந்தக் குழாயை எடுத்துவிடச் சொல்லுங்கள். இனி யாரும் அவருக்குச் சொல்ல வேண்டாம். அவரே சாப்பிடட்டும்."

போய் வாருங்கள் அண்ணே. அவசரமில்லை. நன்றாக மென்று சாப்பிடுங்கள்.