பவதாரணிக்கு வந்த பார்சல்

பவதாரணி கலிபோர்னியாவில் எங்கள் சன்னிவேல் அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்துக்குக் குடிவந்தபோதே அவள் கதை எங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்துப் பெண், சண்டையில் குடும்பமே போய்விட்டது, நார்வேயில் யாரோ எடுத்து வளர்த்தார்கள் என்று அவள் புருஷன் ஸ்ரீநிவாசன் சொல்லியிருந்தான். அவன் திருச்சி தில்லைநகர்க்காரன், என்ஜினியர். இப்படிப்பட்டவளுக்கு வாழ்க்கை கொடுத்திருக்கிறானே என்று எங்களுக்கு அவன்மேல் மரியாதைகூட வந்தது. அது 1993.

அவள் அதிகம் பேச மாட்டாள். நான் மீன் குழம்பு கொடுத்தனுப்பினால் குழம்பை வழித்துவிட்டு மீனை மட்டும் கழுவித் தின்பாள். பாத்டப்பில் எந்நேரமும் தண்ணீர் நிரப்பி உப்பைக் கொட்டி வைத்திருப்பாள். ஒருநாள் மத்தியானம் கதவு திறந்திருக்கிறதே என்று உள்ளே போனேன். அந்தத் தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். நான் போட்ட சத்தத்தில் மெதுவாக எழுந்து உட்கார்ந்து, என்ன அக்கா என்று கேட்டாள். சண்டையைப் பார்த்தவள், பாவம் என்று பிறகு பேசிக்கொண்டோம். அவள் எது செய்தாலும் எங்களிடம் அந்த ஒரே காரணம்தான் இருந்தது.

யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் பிறந்த டாக்டர் அரியரட்ணம் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. 95ஆம் வருஷப் பொங்கல் விருந்தில் அவளோடு கொஞ்சம் பேசிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஜெயலீலா, இது எங்கட ஊர்ப் பிள்ளை இல்லை. ஆனா எதையோ பறிகொடுத்த பிள்ளைதான்."

அவரைச் சும்மா இருக்கச் சொன்னேன். சோகத்துக்குச் சர்ட்டிபிகேட் கேட்பது நன்றாகவா இருக்கும்? இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து ஒருவன் பரிமாறினான், நாங்கள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் கையும் கழுவினோம்.

அந்த விருந்திலேயே பவதாரணி திடீரென்று இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்து அலறினாள். யாரோ அறுக்கிறார்கள் என்றாள். டாக்டர் பார்த்தார், ஒரு கீறல்கூட இல்லை. அதற்குப் பிறகு அவள் நேராக நடந்து நான் பார்த்ததில்லை.

ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பெட்டியில் பாதி அடுத்தவர்களின் பார்சலாகத்தான் இருக்கும். ஊறுகாய், அப்பளம், மாமியார் கொடுத்துவிட்ட புடவை. யார் திரும்பி வந்தாலும் மறுநாள் காலையில் பவதாரணி காலை இழுத்துக்கொண்டு அவர்கள் வாசலில் போய் நிற்பாள். எனக்கு ஏதாவது குடுத்துவிட்டாங்களா என்று கேட்பாள். இல்லை என்றால் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவாள். உயிரோடு இருக்கும் சொந்தக்காரர் யாரிடமிருந்தாவது சேதி வரும் என்று காத்திருக்கிறாள் என நினைத்தோம். அதை நினைத்து அழுதவர்களில் நானும் உண்டு. நான் லேசில் அழுகிறவள் இல்லை.

99இல் நான் திருச்சியில் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்ரீநிவாசனின் அப்பா அப்போதுதான் காலமாகியிருந்தார். கிரீன் கார்டு முடியாததால் அவனால் போக முடியவில்லை. நான் போய்த் துக்கம் விசாரித்தேன். கிளம்பும்போது அவன் அம்மா காமாக்ஷி மாமி வேட்டியில் சுற்றிய ஒரு மூட்டையைக் கொடுத்தார்.

"ஜபத்துக்கு மான்தோல் வேணும்னார். இப்பல்லாம் எங்க கிடைக்கறது? சீனு அங்கேருந்து இதை அனுப்பினான். ரொம்பப் பெரிசா இருந்தது, ஒரு பொங்கலன்னிக்கு மணை அளவுக்குக் கத்தரிச்சுண்டார். அவன்கிட்டயே சேர்த்துடுங்கோ."

மீதித் துண்டு என்ன ஆயிற்று என்று சும்மாதான் கேட்டேன். கொல்லைப்பக்கம் கால்மிதியாய்ப் போட்டதாம், நைந்துபோய்க் குப்பைக்காரன் கொண்டுபோய்விட்டானாம்.

நான் மூட்டையைக் கொண்டுபோனபோது ஸ்ரீநிவாசன் ஆபீஸில் இருந்தான். பவதாரணிதான் கதவைத் திறந்தாள். நான் வாய் திறப்பதற்குள் மூட்டையைப் பிடுங்கி முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அது சாம்பல் நிறத்தில் புள்ளி போட்ட ஒரு தோல். பசிபிக்கைத் தாண்டி என் பெட்டியில் கருவாடுபோலக் காய்ந்து வந்தது, அவள் கையில் ஈரமாகிக் கார்ப்பெட்டில் சொட்டியது.

அப்புறம் சொன்னாள். ஹாஃப் மூன் பே கடற்கரைப் பாறைகளில் சீல் என்று காட்டுவார்களே, அந்தக் கடல்நாய்ச் சனம் அவளுடையது. கரைக்கு வந்தால் தோலைக் கழற்றி வைத்துவிட்டு நம்மைப் போல மணலில் காய்வார்கள். பிக்னிக் போயிருந்த ஸ்ரீநிவாசன் அவள் தோலை எடுத்துக் கார் டிக்கியில் பூட்டினான். தமிழும் யாழ்ப்பாணக் கதையும் அவன் சொல்லிக்கொடுத்தவை. தோல் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் பின்னால் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. வீடு முழுக்க அவள் தேடத் தொடங்கியதும் அதை ஊருக்கு அனுப்பிவிட்டான். சொன்னபடி கேட்டால் வரவழைத்துத் தருவதாகவும் சொல்லியிருந்தான்.

நான் சபைக்குப் போகிறவள், பேய் பிசாசு என்றால் ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்துத் தூங்குகிறவள். ஆனால் என் காலடியில் உப்புத் தண்ணீர் தேங்கி நின்றது. நம்பினேன்.

காரை எடுக்கச் சொன்னாள். மதுஷாவை விட்டுவிட்டா போகப் போகிறாய் என்று கேட்டேன். அவள் மகளுக்கு அப்போது ஐந்து வயது. மூட்டையை அணைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். பெற்ற பிள்ளையை விட்டுப் போகிறாளே என்று எனக்கு ஆத்திரம்தான். ஒருத்தியின் தோலை ஒளித்து வைத்துக்கொண்டு அவளோடு குடும்பம் நடத்தியவன்மேல் அதைவிட ஆத்திரம். குழந்தையைப் பின்சீட்டில் உட்காரவைத்து, மலை தாண்டிக் கடற்கரைக்கு ஓட்டினேன்.

பனிமூட்டத்தில் கரையில் ஒரு ஆள் இல்லை. பவதாரணி தோலை விரித்துத் தோளில் போர்த்தினாள். இடுப்போடு நின்றுவிட்டது. இழுத்தாள், குறுகினாள், மணலில் புரண்டாள். கால் வெளியேதான் கிடந்தது. மீதி எங்கே என்று என்னைக் கேட்டாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கால்மிதி என்றேன்.

அவள் எழுப்பிய சத்தத்தை மனிதக் குரல் என்று சொல்ல மாட்டேன். அதைக் கேட்டு அலைக்கு அப்பால் கறுப்புத் தலைகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எல்லாம் எங்களையே பார்த்தன.

நாங்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மதுஷா கீழே கிடந்த தோலை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். "அம்மா, இட்ஸ் ஸோ வார்ம்" என்றாள். கழுத்திலிருந்து பாதம்வரை அவளுக்குச் சரியாக இருந்தது. தோல் தானாகவே மூடத் தொடங்கியது.

பவதாரணி பாய்ந்து கழுத்தோரத்தைப் பிடித்துவிட்டாள். இழு, இழு என்று நான் கத்தினேன். குழந்தையின் முகம் இன்னும் குழந்தை முகமாகத்தான் இருந்தது. ஒரு இழுப்பில் வந்திருக்கும். அவள் கடலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அங்க எங்கம்மா இருக்கா அக்கா. இங்க இருந்தா என்னைக்காவது இவளோடதையும் ஒருத்தன் எடுத்து ஒளிச்சு வெப்பான்."

கையை எடுத்துவிட்டாள். சின்னக் கடல்நாய் ஒன்று மணலில் தத்தித் தத்தித் தண்ணீருக்குள் போயிற்று.

மதுஷாவை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். ஏற்கெனவே எல்லாரையும் இழந்தவளுக்கு இதுவுமா என்று எங்கள் ஆட்கள் அழுதார்கள். ஸ்ரீநிவாசன் வந்து, தோல் எங்கே என்று ஒரே கேள்விதான் என்னைக் கேட்டான். அடுத்த மாதம் டெக்சாஸில் பிளானோவில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். அங்கே கடல் கிடையாது.

பவதாரணி இங்கேயே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன். முதலில் எல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்று தன் சனத்தின் பேச்சில் கூப்பிடுவாள். பெரிய தலைகள் திரும்பும். ஒரு சின்னத் தலை மட்டும் தள்ளி நின்று முழிக்கும். தன் பேச்சை மகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை, புருஷனுக்குப் பயந்துகொண்டு இருந்துவிட்டேன் என்று காரில் வரும்போது அழுதாள்.

அடுத்த வாரம் இங்கிலீஷில் கூப்பிட்டாள். "மதுஷா, கம் ஹியர், பேபி." சின்னத் தலை அம்புபோல நீந்தி வந்து அவள் உள்ளங்கையில் மூக்கை வைத்தது. அந்த மனிதப் பேச்சைக் கேட்டதும் பெரியவை எல்லாம் ஒன்றாக முங்கிவிட்டன. குட்டி திரும்பிப் பார்த்தது. கடலில் யாருமில்லை. வெகுநேரம் கழித்துத்தான் தூரத்தில் ஒரு தலை எழுந்தது, குட்டி அதை நோக்கித் தனியாக நீந்தியது.

இப்போது அவள் தண்ணீரில் இறங்குவதில்லை, கூப்பிடுவதும் இல்லை. நேற்று அந்தச் சின்னத் தலை கரைக்கு வெகு அருகில் வந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லேண்டி என்று நான் கெஞ்சினேன். பவதாரணி இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூப்பிட்டா வந்துருவா அக்கா. அவ அங்க பேசக் கத்துக்கணும்."